யாழ்நகர் வலமும் வழிகாட்டியின் கடனும்

விழா மலரிற் கட்டுரை எழுதப் புகுவோர் பழம்பெருமை பேசித் தொடங்குதல் மரபு. எமது கல்லூரியின் பெருமையை எடுத்துரைக்க எம்மினும் தகுதியுடையார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆதலின் அப்பணியை அவர்க்கு விடுத்து, அண்மையில் எமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தையும் அதனால் எம் உள்ளத்தில் எழுந்த ஒரு வினாவையும், பழைய மாணவர், இன்றைய மாணவர், உடனாசிரியர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்க விழைகின்றோம். ஊரைக் காண வருவோர்க்கு ஊரைக் காட்டுங் கடன் யாருடையது? எதனைக் காட்டுதல் வேண்டும்? எதனை மறைத்தல் தகாது? இவையே அவ்வினாவின் கூறுகள்.

சென்ற ஆடி மாதத்தில், நல்லூர்க் கொடியேற்றத்துக்குச் சில நாள் முன்னர், எம் பள்ளித் தோழர் ஒருவர் கனடாவிலிருந்து தம் மகளுடன் வந்திருந்தார். அவரும் எம்மைப் போலச் சுருவிலிற் பிறந்தவர். 1990 ஆம் ஆண்டு ஆவணியிற் போர் தீவகத்தை அடைந்தபொழுது, பன்னிரண்டு வயதுச் சிறுவராய்ப் புத்தகப் பையுமின்றிப் பெற்றோருடன் குடாநாட்டுக்கு ஓடிவந்த எம்மிருவரையும் இக்கல்லூரி ஒரே வாங்கில் இருத்திக் கற்பித்தது. அவர் மேனாடு சென்றார். நாம் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, அதே கல்லூரிக்குத் தமிழாசிரியராய் மீண்டோம். ஊருக்கு வந்த மறுநாள் அவர் தொலைபேசியில் எம்மை அழைத்தார். "வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை விடிய நீரும் வாரும். கறன்ற் சைக்கிளிலை ரவுணைச் சுத்திக் காட்டுகினமாம். பிள்ளைக்கும் ஒருக்காக் காட்டவேணும்" என்றார்.

யாழ்நகரைச் சைக்கிளிற் சுற்றிக் காண்பதற்கு ஒரு வழிகாட்டியா என எமக்கு உள்ளூர நகைப்பு எழுந்தது. ஆயினும் நட்பின் பொருட்டு இசைந்தோம்.

விடியற்காலை முற்றவெளியில் ஐந்து வண்டிகள் நிரையாக நின்றன. வழிகாட்ட வந்த இளைஞர் எம்மைக் கண்டதும் திடுக்குற்று, தலைக்கவசத்தைக் கழற்றி, "சேர்!" என்று கைகூப்பினார். சில ஆண்டுகளின் முன்னர் எம்மிடம் தமிழ் கற்று இக்கல்லூரியைவிட்டுச் சென்றவர் அவர். இந்நிகழ்ச்சியின் பொருளெல்லாம் அவ்வொரு சந்திப்பிலே அடங்கியிருந்ததை நாம் பின்னரே உணர்ந்தோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் முறை. மின் துவிச்சக்கர வண்டியை மோட்டார்ச் சைக்கிளின் தம்பியெனப் பலர் எண்ணுவர். நாம் ஏறியது அத்தகையதன்று. மிதித்தாலன்றி அது நகராது. மிதிக்குங்கால் எம் காலின் வலியோடு தன் வலியையும் கூட்டித் தரும். யப்பானிய யமஹா நிறுவனம் 1993 ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஐரோப்பிய விதிகளின்படி அதன் இயக்கியின் வலு 250 வாற்றுக்கு மேற்படலாகாது. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும் அது துணைசெய்தலை நிறுத்திவிடல் வேண்டும். 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி கொண்ட மின்கலம் ஒன்றை நிரப்புதற்கு ஓரலகு மின்சாரத்தின் மூன்றிலொரு பங்கினுஞ் சிறிதளவே மிகுதியாக வேண்டும். புகையில்லை, இரைச்சலில்லை. இரைச்சலின்மையே ஒரு குறையும் ஆகும். ஒழுங்கைகளில் மணியை அடிக்கடி ஒலித்தாலன்றி நடப்போர் வண்டி வருவதை அறியார்.

தீவகத்தார்க்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லைடன் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். அவ்வொல்லாந்து இன்று துவிச்சக்கர வண்டிக்குப் பேர்போன நாடு. அங்கே மக்கட்டொகையினும் வண்டித்தொகை மிகுதி. புதிதாய் விற்கப்படுவனவற்றுள் ஏறத்தாழப் பாதி மின்வண்டிகள். மலையில்லாச் சமநிலத்துக்கு மின்சாரத் துணை எதற்கு எனின், அவர்க்கும் எமக்கும் விடை ஒன்றே. அது காற்று. எம் நாட்டில் மேடில்லை. காற்றே எமக்கு மேடு. சோளகம் வீசுங் காலத்திற் பண்ணைத் தாம்போதியில் மாலைப்பொழுதிலே தீவகம் நோக்கி வண்டி மிதித்த மாணவர் எவரும் இதனை மறுக்கார்.

வலம் கோட்டையில் தொடங்கியது. வழிகாட்டி தூய ஆங்கிலத்திற் பேசினார். 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்ததையும், 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியதையும், 1795 இல் அது ஆங்கிலேயர் வசமானதையும் பிழையின்றிக் கூறினார். ஐங்கோண வடிவத்தையும், மதிலிலே பதிந்துள்ள முருகைக் கற்களையுங் காட்டினார். ஆயின், உள்ளே 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் 1990 இல் நிகழ்ந்த முற்றுகைப் போரில் அழிந்ததைக் கூறினாரல்லர். அவர் கையிலிருந்த தாளில் அஃது இல்லை.

அடுத்து நூலகம். "இது 1981 இல் எரிந்தது, பின்னர் மீளக் கட்டப்பட்டது, படம் எடுப்பதற்கு இவ்விடம் நன்று" என்ற மூன்று வாக்கியங்களில் அவர் அதனை முடித்துக்கொண்டார். தோழரின் மகள் படம் எடுத்தாள். எமக்கோ நெஞ்சு பொறுக்கவில்லை. அதன் படிகளில் நின்று, எமக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்திலுந் தமிழிலுமாக அப்பெண்ணுக்குச் சிறிது கூறினோம்.

1933 ஆம் ஆண்டிற் க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்திற் சில நூல்களைத் திரட்டி, ஊரார் வந்து இலவசமாகப் படிக்க விட்டதே இதன் வித்து. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. நூலகவியல் அறிஞர் இரங்கநாதனும் இதற்கு ஆலோசனை கூறினார். 1981 மே 31 ஆம் நாள் தொடங்கிய வன்செயலிற் பொலிசாரும் அவரோடு சேர்ந்த கும்பலும் இட்ட தீக்கு ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெறற்கரிய ஏட்டுச்சுவடிகளும் இரையாயின. பன்மொழிப் புலவராகிய தாவீது அடிகளார் அத்தீயைத் தம் உறைவிடத்திலிருந்து கண்டு, அவ்வதிர்ச்சி தாங்காது உயிர்நீத்தார் என்பர். இவற்றை நாம் கூறி முடித்தபொழுது அப்பெண் படக்கருவியைப் பைக்குள் வைத்துவிட்டாள். வழிகாட்டியும் தம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நல்லூருக்குச் சென்றோம். ஆடவர் மேலாடை களைந்தே திருக்கோயிலுட் புகுதல் வேண்டும் என்பதை அவர் மறவாது கூறினார். இப்போதுள்ள கோயில் 1734 இல் எழுந்தது என்பதும், முன்னைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தனர் என்பதும் அவர் அறிந்தனவே. மந்திரிமனை, யமுனா ஏரி, சங்கிலியன் தோப்பின் வளைவு ஆகியவற்றையுங் காட்டினார். பின்னர்க் குளிர்களிக் கடையொன்றில் அமர்ந்தோம். தாளின்படி வலம் அங்கே முடிவுற்றது.

முற்றவெளிக்குத் திரும்புகையிற் குறுக்குவழியாகச் சோனகத் தெருவினூடே வந்தோம். ஆங்கே சில வீடுகளின் கூரையில்லாச் சுவர்களில் ஆலும் அரசும் வேர்விட்டிருந்தன. "இந்த வீட்டுக்காரர் எங்கே போனவை?" என்று அப்பெண் வழிகாட்டியை வினவினாள். அவர் எம் முகத்தை நோக்கினார். நாம் தோழரின் முகத்தை நோக்கினோம். ஒருவரும் சிறிதுநேரம் விடைகூறவில்லை.

விடை கூறவே வேண்டும். 1990 ஒக்ரோபர் 30 ஆம் நாள், விடுதலைப் புலிகளின் கட்டளையால், தலைமுறை தலைமுறையாய் இத்தெருக்களில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்திற் கைப்பொருளும் இழந்து வெளியேற்றப்பட்டனர். அவருட் பலர் புத்தளத்திலே தங்கி அகதிகளாய் ஆண்டுகள் பல கழித்தனர். மீண்டு வந்தோர் சிலரே. தீவகத்திலிருந்து அகதியாய் ஓடிவந்து மூன்று திங்களும் நிரம்பாத சிறுவராய் நாம் இதனைக் கண்டோம். சரியாக ஐந்தாண்டு கழிந்து, 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் அனைவரும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபொழுது அக்கூட்டத்திலும் நாம் இருந்தோம். எமக்கு நேர்ந்ததைக் கூறுவோம், பிறர்க்கு எம்மிடையே நேர்ந்ததை மறைப்போம் எனின், எம் சொல்லை யார் நம்புவர்? நூலகத்தின் படிகளில் நின்று நாம் கூறிய உண்மையின் விலை, சோனகத் தெருவில் நாம் காக்கும் மௌனத்தாற் குறைந்துவிடும். இதனை அப்பெண்ணிடம் ஒளியாது கூறினோம்.

ஈற்றிற் பண்ணைத் தாம்போதிவரை செல்லலாம் என்றோம். அது தாளில் இல்லாத இடம். சோளகம் எதிரே வீசிக்கொண்டிருந்தது. மின்கலத்தின் துணையால் வண்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு சென்றன. நடுவழியில் இறங்கி நின்றபொழுது தோழர் வண்டியின் பின்சில்லைத் தொட்டுப் பார்த்து நகைத்தார். "அப்ப டைனமோ, இப்ப பற்றறி!" என்றார்.

அதன் பொருளை இளையோர் இருவரும் அறிந்திலர். 1990 முதற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பெற்றோலுக்குத் தடை. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு அவ்வொளியிற் கற்றோம். வானொலிக்குப் பற்றறியும் கிடையாது. ஆதலின் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, சில்லோடு உரசிச் சுழலும் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்போம். சுழற்றுங் கை தளர்ந்தாற் செய்தியுந் தளரும். அன்று வண்டியிலிருந்து மின்சாரம் பெற்றோம். இன்று மின்சாரத்தால் வண்டி ஓடுகின்றது. முப்பது ஆண்டுகளின் மாற்றத்தை இதனினுஞ் சுருக்கமாய்க் கூறுதல் இயலாது. காலை முழுதும் கண்ட கற்களினும் இக்கதையே அப்பெண்ணின் மனத்தைக் கவர்ந்தது. தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, யார் சுழற்றியது, எவ்வளவு நேரம், என்ன செய்தி என்றெல்லாம் வினவத் தொடங்கினாள். பதினைந்து ஆண்டுகளில் மகள் தம்மிடம் ஊரைப்பற்றி இத்தனை கேட்டதில்லை என்று தோழர் பின்னர் எமக்குக் கூறினார்.

அப்பொழுதுதான் வழிகாட்டியாகிய எம் மாணவர், தாழ்ந்த குரலில், "சேர், இதையெல்லாம் நீங்கள் ஏன் எங்களுக்குப் படிப்பிக்கேல்லை?" என்று கேட்டார்.

எமக்கு விடையில்லை. இலக்கணம் கற்பித்தோம், தேர்வுக்கு வேண்டியன கற்பித்தோம். பண்ணையின் காற்றையும், நூலகத்தின் தீயையும், சோனகத் தெருவின் சுவரையும் பாடத்திட்டத்தில் இல்லையெனக் கருதி விடுத்தோம். தாளில் உள்ளதை மட்டும் ஒப்பிக்க அவரைப் பழக்கியவர் சுற்றுலா நடத்துவோரல்லர், நாமே. இதனை இம்மலரில் ஒப்புக்கொள்ளுதற்கு நாம் நாணவில்லை, ஒப்புக்கொள்ளாதிருத்தற்கே நாணுகின்றோம்.

இனி, எம் கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகளை ஆராய்வோம்.

இன்பமாய்ப் பொழுதுபோக்க வருவோரிடம் துன்பக்கதை கூறி அவரை வருத்துதல் விருந்தோம்பலாகுமா என்பர் சிலர். வந்தவர் வினவுமுன் நாம் புலம்பித் தீர்க்க வேண்டுவதில்லை. ஆயின் வினவியபின் மறைத்தல் விருந்தோம்பலன்று; விருந்தினரைப் பேதையராக்குதலாகும். விருந்தினரின் வினா எமக்கும் நன்மை செய்யும். யாழ்ப்பாண வைபவமாலை எவ்வாறு தோன்றியது? ஒல்லாந்த அதிகாரி ஒருவன் கேட்டுக்கொண்டமையாலன்றோ மாதகல் மயில்வாகனப் புலவர் அதனை எழுதினார்! அந்நியன் வினவியதனால் எமக்கு ஒரு வரலாற்று நூல் கிடைத்தது. கனடாவிலிருந்து வந்த சிறுமி வினவியதனால் எமக்கு எம் கடமை விளங்கியது.

வழிகாட்டுதல் ஒரு தொழிலா, அதற்கோ பிள்ளையைப் படிப்பித்தோம் என்பர் வேறு சிலர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்னும் பழமொழியை வேதவாக்காய்க் கொண்டோர் நாம். அக்கோறணமேந்து எல்லார்க்கும் வேலை தாராது என்பதை அறிந்தும், பிள்ளையை மேனாட்டுக்கு அனுப்புதலொன்றே வழியென எண்ணுகின்றோம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகட்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. ஒரு பிரதேசத்துக்கே உரிய வழிகாட்டி என்னும் வகையும் அதில் உண்டு. வரலாறும், இரு மொழியும், நயத்தக்க நாகரிகமும் வேண்டப்படும் ஒரு தொழில் இழிந்ததாவது எங்ஙனம்? நாற்பது பேர்க்கு வகுப்பில் ஆசிரியன் செய்வதை, நான்கு பேர்க்குத் தெருவிற் செய்பவனே வழிகாட்டி.

மின்வண்டி சோம்பலை வளர்க்கும் என்பது மூன்றாவது மறுப்பு. முழங்கால் நோயுற்ற முதியவரும், வண்டி மிதித்துப் பழகாத நகரச் சிறுமியும், நாமும் அன்று ஒரே வேகத்திற் சென்றோம் என்பதே இதற்கு விடை. பேருந்தின் கண்ணாடியினூடே நோக்குபவன் ஊரைக் காண்பதில்லை. வேலிக்கு வேலி நின்று, கிணற்றடியில் தண்ணீர் வாங்கிக் குடிப்பவனே காண்கின்றான்.

பேருந்து என்றதும் தீவகத்தின் நிலை நினைவுக்கு வருகின்றது. நயினாதீவுக்குச் செல்லும் யாத்திரிகர் பண்ணையிற் புறப்பட்டாற் குறிகட்டுவான் இறங்குதுறையிலேதான் இறங்குவர். இடையிலே அல்லைப்பிட்டி உண்டு, வேலணை உண்டு, சாட்டிக் கடற்கரை உண்டு என்பதைச் சாளரத்தினூடே காண்பரேயன்றி அறியார். சுருவில் என்னும் பெயரைக் கேட்டோரே அவருட் சிலர். ஆளில்லா வீடுகளும் தலையிழந்த பனைகளும் மலிந்த எம்மூருக்குக் காட்சிப்பொருள் இல்லை எனலாம். ஊர் ஏன் இவ்வாறாயிற்று என்று கூறவல்ல ஒருவர் இருப்பின், அதுவே காட்சியாம்.

ஆதலின் இவ்விழா ஆண்டில் மூன்று காரியங்களை முன்மொழிகின்றோம். ஒன்று, தமிழ், வரலாறு, ஆங்கிலம் ஆகிய மூன்று பாட ஆசிரியருங் கூடி, மாணவர் தத்தம் ஊரின் முதியோரிடம் கேட்டு எழுதும் ஊர்க்கதைகளைத் தொகுத்து, இரு மொழியிலும் ஒரு கைந்நூல் ஆக்குதல். அதில் எமக்கு உவப்பானது மட்டுமன்றி உவப்பில்லாததும் இடம்பெறல் வேண்டும். இரண்டு, மேனாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் விளையாட்டரங்குக்கும் வழங்கும் பொருளிற் சிறுபகுதியால் ஆறு மின்வண்டிகள் வாங்கித் தருதல். அவற்றின் மின்கலங்களைக் கல்லூரிக் கூரையில் விழும் வெயிலே நிரப்பும். 2024 ஆம் ஆண்டில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் பிறப்பிக்க இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. எம்மை எதிர்த்த காற்றே எம் வண்டியைத் தள்ளும் நாள் தொலைவில் இல்லை. மூன்று, கல்லூரியைவிட்டு நீங்கும் இளைஞருள் விரும்புவோர்க்கு வழிகாட்டி அனுமதிப்பத்திரம் பெறுதற்கான பயிற்சியை மாலைவேளையில் அளித்தல். இம்மூன்றாவதற்கு முதல் ஆசிரியராக நாம் பெயர் தருகின்றோம். முதல் துணையாசிரியர் அன்று எம்மை வினவிய அம்மாணவரே; அவர் இசைந்துவிட்டார்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றுண்டு. பொலனறுவையில் அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்குக என்றும், அவர் பாதுகாக்கப்படுக என்றும், அவர்தம் மரக்கலம் உடைந்தாற் பொருளில் இத்துணைப் பங்கு அரசுக்கு, எஞ்சியது உடையவர்க்கு என்றும் அது விதிக்கின்றது. ஊராத்துறை என்பது எம் ஊர்காவற்றுறையே. எண்ணூறு ஆண்டுகளின் முன்னரே, வந்தவர் உடைமையைக் கணக்குப் பிசகாது அவர்க்குத் திருப்பியளித்தல் எம் துறையின் சட்டமாயிருந்தது. இன்று வருவோர் யானையும் குதிரையும் கொணர்வதில்லை, வினாவைக் கொணர்கின்றனர். அவருட் பலர் எம் பிள்ளைகள். அவர்க்குரிய பங்காகிய உண்மையைக் குறையாது திருப்பியளித்தல் எம் கடன். அக்கடனை இக்கல்லூரியின் மாணவர் ஏற்பாராக.